கீழ் வலது ஆறு

பழுப்புக் கவரில் திரும்பி வந்திருந்தது பல்லுறை.
நடுவில் ஓர் ஓட்டை, கடுகு நுழையும் அளவு.
கூடவே பல் மருத்துவரின் சீட்டு:
'ஹ்னாட்டியுக், வயது அறுபத்தொன்று, கீழ் வலது ஆறு.
பதினான்கு மாதத்தில் கடித்தே துளைத்துவிட்டார்.
இவ்வளவு மென்மையா உங்கள் தங்கம்?'

வெளியே வின்னிபெக், மைனஸ் முப்பத்தொன்று.
சார்ஜன்ட் அவென்யூவில் பேருந்துகள்
புகையை முதுகில் சுமந்து நிற்கின்றன.
பீங்கான் பல்லுக்குச் சாயம் தீட்டிக்கொண்டே
லிகாயா கேட்டாள், யார் வார்த்தது?
நோட்டில் என் கையெழுத்து.

அந்த மனிதரை நான் பார்த்ததில்லை.
அவர் வாயைத் தெரியும், பிளாஸ்டர் அச்சில்.
கோரைப் பல்லின் முனை மழுங்கியிருக்கும்.
தூக்கத்தில் எதையோ அரைக்கிறவர்.
எதை என்று சீட்டில் எழுதுவதில்லை.

எங்கள் பக்கத்தில் தங்கத்தில் செம்பு கூடினால்
கடைக்காரன் சட்டையைப் பிடிப்பார்கள்.
பத்தரை மாற்று என்பது
பொன்னுக்கும் பெண்ணுக்கும் ஒரே பாராட்டு.
அந்தப் பத்தரை மாற்றைக் கடைவாயில் வைத்தால்
ஒரு முறுக்குக்கே நெளிந்துவிடும்.

இங்கே கலப்படம் டப்பா மேலேயே அச்சிட்டு வருகிறது.
தங்கம் அறுபத்தொன்பது.
வெள்ளி, செம்பின் சிவப்பைக் கொஞ்சம் அடக்க.
பிளாட்டினம் சேர்ந்தால் உருக நேரமாகும், வளைய மனம் வராது.
பல்லேடியம் நிறத்தை வெளுக்கும்.
துத்தநாகம் ஒரே ஒரு பங்கு,
உருகும்போது காற்றைத் தான் வாங்கிக்கொண்டு போய்ச் சேரும்.
இரிடியம் கணக்கிலேயே வராது,
அது இல்லாவிட்டாலோ மணிமணியாய்ப் பெருத்துவிடும் உள்ளே.
செம்பு பன்னிரண்டு.
எனக்கு வேலை அதனோடுதான்.

செந்தழல் மங்கும்போது தண்ணீரில் போட்டால்
ஸ்ஸ்ஸ், அவ்வளவுதான்.
அணுக்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிடும்,
நெரிசல் பேருந்தில் ஏறியவர்கள் போல,
பக்கத்தில் யார் என்று பார்க்காமல்.
அப்போது அது மென்மை. விளிம்பைத் தேய்த்துப் பொருத்த வசதி.
பிறகு உலையில் முந்நூற்று ஐம்பது டிகிரி, கால் மணி நேரம்.
உருகாது. சிவக்கக்கூடச் செய்யாது.
உள்ளே மட்டும் இடம் மாறும்:
ஓர் அடுக்கு தங்கம், ஓர் அடுக்கு செம்பு, மறுபடி தங்கம்.
செம்பு உருவத்தில் சிறிசு.
வரிசை சுருங்கச் சுருங்க அக்கம்பக்கம் இழுபடும்.
அந்த இழுபறிக்குத்தான் கடினம் என்று பெயர்.

அந்தக் கால் மணி நேரத்தைத்தான் நான் கொடுக்கவில்லை.
நோட்டில் மாலை ஐந்து நாற்பது. நவம்பர்.
ஐந்து ஐம்பத்திரண்டு பேருந்தை விட்டால்
அடுத்தது வருவதற்குள் இமையில் பனி கட்டும்.
குழந்தைகள் காப்பகத்தில் தாமதத்துக்கு
நிமிடத்துக்கு ஒரு டாலர் அபராதம்.
பளபளப்பில் எதுவும் தெரியாது,
மென்மைக்கும் கடினத்துக்கும் ஒரே மஞ்சள்.

முதலாளி ரெம்பெல் கணக்கிலிருந்து தலை தூக்காமல்
'எதிர்ப்பல் பீங்கான். அதையே காரணமாகப் போட்டுவிடலாமே' என்றார்.
பாதி உண்மை. பீங்கான் தங்கத்தைத் தின்னும்.
தலையாட்டிவிட்டு வந்து
சீட்டில் வேறு எழுதினேன்:
'கடினப்படுத்தும் சூடு விடுபட்டது. எங்கள் தவறு. கட்டணம் இல்லை.'

மறுபடி வார்த்து, தேய்த்து, பொருத்திப் பார்த்து
உலை முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.
ஏழாவது நிமிடத்தில் லிகாயா கோட்டை மாட்டிக்கொண்டு போனாள்.
பதினோராவதில் காப்பகத்துக்குப் போன் செய்தேன்.
உலைக்குள் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது.
எடுத்தபோது மேலே கருத்திருந்தது, செம்பின் வேலை.
அமிலத்தில் இட்டதும் மஞ்சள் திரும்பியது.
தேய்ப்பானால் விளிம்பை அழுத்தினேன்.
நகரவில்லை.
இன்னும் அழுத்தினேன்.

கவரை ஒட்டும்போதுதான் கவனித்தேன்,
என் கடைவாயும் இறுகிக் கிடந்தது.

காப்பகத்தில் பதினெட்டு டாலர்.
ரசீது வாங்கிக்கொண்டேன்.